பட்டமும் பட்டறையும்



கவிதைக்கும் கதைக்கும் உரிய மேடையில் திரைப்படக் கல்லூரியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும். எழுமலை போன்ற ஊர்களில் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் இன்று கவிதையோடு நின்றுவிடுவதில்லை. நோட்டுப் புத்தகத்தில் கவிதை எழுதிய கை, அடுத்த பக்கத்தில் ஒரு காட்சியை எழுதிப் பார்க்கிறது. பிறகு ஒருநாள், "சினிமா படிக்கப் போகிறேன்" என்ற சொல் வீட்டில் விழுகிறது. அன்றிரவு அந்த வீட்டில் எவரும் சரியாக உறங்குவதில்லை. மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத்தில், கல்விச் செலவு என்பது நகையாகவோ நிலமாகவோ அடகுக் கடைக்கும் வங்கிக்கும் போகும் பொருள். ஆகவே தந்தை கேட்கும் கேள்வி எளியது: "எங்கே படிப்பது? படித்து வாங்கும் பட்டத்துக்கு என்ன மதிப்பு?" இக்கேள்வியை ஏளனம் செய்யும் உரிமை கலைஞர்களுக்குக் கிடையாது. அதற்கு நேர்மையான விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

மேற்கே ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் தேனி. அதனை ஒட்டிய அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். சுகாதாரத் துறையில் பணியாற்றிவிட்டுச் சென்னை சென்றார். கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகல் உள்ளிட்டோரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1977-இல் '16 வயதினிலே' வந்தது. தமிழ்ப் படம் ஸ்டூடியோவை விட்டு வயல்வெளிக்கு வந்த கதையை இவ்வட்டாரத்தார்க்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. "பார், பட்டம் எதற்கு?" என்று கேட்போர் முதலில் எடுத்துக்காட்டும் பெயர் இதுவே.

ஆனால் அந்த எடுத்துக்காட்டின் மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. '16 வயதினிலே' படத்தின் ஒளிப்பதிவாளர் நிவாஸ், சென்னை அடையாற்றுத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று பட்டயம் பெற்றவர். மறு ஆண்டு, 1978-இல், 'முள்ளும் மலரும்' வெளிவந்தது. அதன் இயக்குநர் மகேந்திரன் இதழியலிலிருந்தும் கதை வசனத்திலிருந்தும் வந்தவர். திரைப்படக் கல்லூரி காணாதவர். அதன் ஒளிப்பதிவாளர் பாலுமகேந்திராவோ, ஈழத்து மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனே நிறுவனத்தில் ஒளிப்பதிவு பயின்று 1969-இல் வெளிவந்தவர். 1987-இல் வந்த 'நாயகன்' படத்தை எடுத்துக்கொண்டாலும் இதே அமைப்புத்தான். இயக்கிய மணிரத்னம் கற்றது மேலாண்மை. ஒளிப்பதிவு செய்த பி.சி.ஸ்ரீராம் கற்றது சென்னைத் திரைப்படக் கல்லூரியில்.

மூன்று படங்கள்; மூன்றிலும் கல்லூரி காணாத இயக்குநர், கல்லூரியில் பயின்ற ஒளிப்பதிவாளர். இது தற்செயல் அன்று. கதை சொல்லும் திறனை வாழ்க்கையும் நூல்களும் ஓரளவு தந்துவிடும். ஆனால் படச்சுருள், வில்லை, ஒளிமானி, கழுவும் கூடம் ஆகியவற்றை அக்காலத்தில் ஓர் எளிய வீட்டுப் பிள்ளை தொட்டுப் பார்க்கவும் வேறு இடம் இல்லை. ஒவ்வோர் அடிச் சுருளும் பணம். தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் தந்தது கல்லூரி ஒன்றே. எனவே, "திரைப்படக் கல்வி வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்பது பிழை. எந்தத் தொழிலுக்கு என்று முதலில் கேட்க வேண்டும். ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் முறையான பயிற்சியின் மதிப்பு பெரிது. இயக்கத்துக்கும் எழுத்துக்கும் அது துணை, ஆனால் தோற்றுவாய் அன்று.

அப்படியானால் இயக்கம் பயில விரும்புவோர்க்குக் கல்லூரி வீணா? இதற்கு விடை திண்டுக்கல்லுக்கு அருகிலேயே இருக்கிறது. அடூர் கோபாலகிருஷ்ணன் காந்திகிராமத்தில் பொருளியல், அரசியல், பொது நிர்வாகம் பயின்று பட்டம் பெற்றார். அரசுப் பணியும் கிடைத்தது. நாடகத்தின்மீது கொண்ட பற்றினால் அந்த வேலையை உதறி 1962-இல் புனே சென்றார். கையிலிருந்த பட்டத்தையும் வேலையையும் விட்டு இன்னொரு படிப்பைத் தேடிச் சென்றவர் அவர். 1965-இல் படிப்பு முடிந்தது. அவருடைய முதல் முழுநீளப் படமான 'சுயம்வரம்' வந்தது 1972-இல். இடையில் ஏழு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சித்ரலேகா திரைப்படக் கழகத்தை நண்பர்களோடு தொடங்கி, நல்ல படங்களைப் பார்க்கும் கண்களை உருவாக்கினார். கல்லூரி தந்த அறிவு உண்மை. ஆனால் அது படமாக விளைய ஏழு ஆண்டுகள் பிடித்தன. மகனையோ மகளையோ அனுப்பும் குடும்பம் கட்டணத்தோடு அந்தக் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனி, எங்கே படிப்பது? சென்னையில் 1940-களின் நடுவில் மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கப்பட்டன. அதுவே வளர்ந்து இன்று தரமணியில் எம்.ஜி.ஆர் பெயரைத் தாங்கி நிற்கும் அரசு நிறுவனமாயிற்று. முன்பு அங்கே மூன்றாண்டுப் பட்டயம். இன்று பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சேர்ந்து பயிலும் நான்காண்டுக் காட்சிக்கலைப் பட்டம். புனேயில் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் நடுவணரசு நிறுவனம் தோன்றியது. கல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரிலான நிறுவனம் 1995-இல் எழுந்தது. இவ்விரண்டிலும் இயக்கம், ஒளிப்பதிவு போன்ற முதன்மைப் பிரிவுகளில் சேர ஏதேனும் ஒரு பட்டம் முன்னரே வேண்டும். இவற்றைத் தவிர, சென்னையில் தனியார் பயிற்சிக் கூடங்கள் பல உள்ளன. அவற்றின் கட்டணம் இலட்சங்களில் தொடங்குகிறது.

தேர்ந்தெடுப்போர் கட்டடத்தின் அழகையும் விளம்பரத்தில் உள்ள நட்சத்திரப் படத்தையும் பார்த்து மயங்குதல் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அன்றாடம் வகுப்பெடுப்பவர் யார். திறப்பு விழாவுக்கு மட்டும் வருபவர் யார்? ஒரு மாணவர் படிப்பு முடிவதற்குள் தம் கையால் எத்தனை குறும்படங்கள் முடிக்கிறார்? நூலகமும் திரையிடும் கூடமும் மாலை வேளையில் திறந்திருக்குமா? படிப்பு குறித்த காலத்தில் முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வி அரசு நிறுவனங்களுக்கும் உரியது. 2015-இல் புனே நிறுவனத்தின் தலைவர் நியமனத்தை எதிர்த்து மாணவர்கள் 139 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர் என்பது நினைவிருக்கலாம். அங்கு பயிலும் மூத்த மாணவர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுவது, பத்து விளம்பர ஏடுகளைப் படிப்பதினும் மேலானது.

கல்லூரி தரும் இன்னொரு செல்வம் உடன் பயிலும் தோழமை. 1986-இல் வந்த 'ஊமை விழிகள்' இதற்குச் சான்று. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஆபாவாணனும் அரவிந்தராஜும் தம் தோழர்களோடு எடுத்த அப்படம், கல்லூரி மாணவர் என்ற பெயருக்கே திரையுலகில் புதிய மதிப்பைத் தேடித் தந்தது. அவர்களை ஒன்று சேர்த்தது பட்டம் அன்று. ஒரே வளாகத்தில் கழிந்த ஆண்டுகள். தோழமை கல்லூரிக்கு வெளியேயும் விரியக்கூடியது. புனேயில் ரித்விக் கட்டக்கிடம் பயின்ற ஜான் ஆபிரகாம் 1977-இல் தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை'யை எடுத்தபோது, அதற்குத் திரைக்கதை தந்தவர் இலக்கியத் திறனாய்வாளர் வெங்கட் சாமிநாதன். இலக்கிய வட்டங்களில் அமர்ந்திருப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று காலம் மாறிவிட்டது. படச்சுருள் போய்விட்டது. கைப்பேசியில் படம் பிடித்து, வீட்டுக் கணினியில் தொகுக்கலாம். கருவியைத் தொடுவதற்காகவே கல்லூரிக்குச் செல்ல வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது. எனவே, "இனிப் பட்டம் வெறும் தாள்" என்னும் குரல் வலுத்திருக்கிறது. தயாரிப்பாளர் எவரும் சான்றிதழைக் கேட்டு வாய்ப்புத் தருவதில்லை என்பதும் உண்மையே.

ஆயினும் அந்தக் குரல் எங்கிருந்து எழுகிறது என்று பார்த்தல் வேண்டும். உதவி இயக்குநராகச் சேர்வதற்கு அறிமுகம் வேண்டும். ஊதியம் இல்லாத, அல்லது பெயரளவு ஊதியம் பெறும் ஆண்டுகளைச் சென்னையில் கழிக்க வாடகை வேண்டும். இரவு பகல் பாராத படப்பிடிப்பில் ஓர் இளம்பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும். இவை மூன்றும் வாய்த்தோர்க்குப் பட்டம் தேவையில்லைதான். எழுமலையிலிருந்து செல்லும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? அவளுக்கு அரசுக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு ஒன்றுதான் யாருடைய சிபாரிசும் கேட்காத வாசல். இட ஒதுக்கீடு உண்டு, கட்டணம் குறைவு, தங்கிப் பயில இடம் கிடைக்கும். படம் எடுக்கும் வாய்ப்பு தாமதமானாலும், ஆசிரியப் பணிக்கும் உயர்கல்விக்கும் பட்டம் கைகொடுக்கும். மதுரைக் கல்லூரிகள் சிலவற்றில் காட்சித் தொடர்பியல் துறைகள் வந்துவிட்ட இந்நாளில் இது சிறு பயன் அன்று. பட்டம் கலையைத் தருவதில்லை. கலையை அடையும்வரை ஒருவர் விழாமல் நிற்கத் தரையைத் தருகிறது. அந்தத் தரை வீட்டிலேயே உள்ளவர்க்கு அதன் மதிப்பு தெரியாமற் போவது இயல்பே.

அதே வேளையில், தனியார் கூடம் ஒன்றில் ஓராண்டுச் சான்றிதழுக்காக நிலத்தை விற்பது தரையை விற்றுத் தரை வாங்குவதாகும். அரசு நிறுவனங்களில் இடம் கிடைக்கவில்லையெனில், ஒரு கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ காட்சித் தொடர்பியலோ பயின்றுகொண்டே படித்தும் பார்த்தும் சிறு படங்கள் எடுத்தும் தேர்ச்சி பெற்று, மீண்டும் முயல்வது அறிவுடைமை. புனேயும் கல்கத்தாவும் ஒரு பட்டம் பெற்றவரைத்தான் முதன்மையாக எதிர்பார்க்கின்றன என்பதால், அந்த மூன்று ஆண்டுகள் வீண்போவதில்லை.

பட்டம் பெற்றவர்க்கு ஒரு கடமையும் உண்டு. பாலுமகேந்திரா தாம் புனேயில் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி முதலியோர் அவரிடம் இருந்து கற்றவர்கள். கவிஞர் நா.முத்துக்குமாரும் அவரிடம் உதவியாளராக இருந்தவரே. இறுதிக் காலத்தில், தாம் நடத்திய பயிற்சிக் கூடத்துக்கு அவர் சூட்டிய பெயர் 'சினிமா பட்டறை'. இரும்பு காயும் இடத்துக்கு உரிய சொல்லை அவர் தேர்ந்தெடுத்தார். 2014 பிப்ரவரியில் அவர் மறைந்தார். ஒருவர் பெற்ற பட்டத்தின் உண்மையான மதிப்பு, அவரிடமிருந்து எத்தனை பேர் கற்றனர் என்பதில் வெளிப்படுகிறது. எழுமலைத் தந்தையின் கேள்விக்கு இதுவும் ஒரு விடையாகும்.

இலக்கிய வட்டம் என்பதும் பட்டம் வழங்காத ஒரு பட்டறையே. பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டு, குறையை முகத்துக்கு நேரே கூறி, நிறைவை மனமாரப் பாராட்டும் பழக்கம் எந்தக் கல்லூரியும் எளிதில் தராத பயிற்சி. இப்பதினோராம் ஆண்டில் மாதம் ஒரு நல்ல படத்தைத் திரையிட்டுப் பேசலாம். நுழைவுத் தேர்வு எழுத விரும்பும் பிள்ளைக்கு நூல் தந்து, விண்ணப்பம் நிரப்ப உதவலாம். அவ்வாறு செய்தால், உறங்காத ஒரு வீட்டில் ஒரு தந்தையாவது அன்றிரவு சற்றே கண்ணயர்வார். மலையடிவார ஊர் ஒன்றின் இலக்கிய வட்டத்துக்கு அதைவிடச் சிறந்த பட்டம் வேறில்லை.