வேட்டுவன் பெயர்

நீலகிரி மலைக்கு அயலிலிருந்து வந்தவர்கள் ஆடிய வேட்டையும், அவ்வேட்டைக்கு வழிகாட்டிச் சென்ற மலைமக்களின் நிலையும் இவ்வுரையின் பொருள். கவிஞர் கூடிய அவையில் வேட்டைக்கு என்ன இடம் என்னும் ஐயம் எழலாம். தமிழ்க் கவிதை தோன்றிய நாளிலிருந்தே வேட்டுவனும் புலவனும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவர்கள் சந்தித்த இடங்களுள் ஒன்று நீலகிரியாக இருக்கக்கூடும் என்பதே இப்பொருளுக்கு இந்த அவையில் இடம் தருகிறது.

புறநானூற்றின் 150-ஆம் பாட்டு வன்பரணர் பாடியது. வறுமையுற்று வேற்று நாட்டுக்குச் செல்லும் புலவர், களைத்துப்போய் ஒரு பலாமரத்தின் அடியில் அமர்ந்திருக்கிறார். மான் கூட்டத்தை வேட்டையாடிய ஒருவன் குருதி படிந்த காலோடு அங்கே வருகிறான். அவனைக் கண்டதும் எழ முயலும் புலவரைக் கையசைத்து இருத்துகிறான். காட்டில் வழிதவறிய தன் இளைஞர்கள் வந்து சேருமுன், தானே தீக்கடைந்து, கொழுத்த ஊனைச் சுட்டுப் புலவர்க்கும் அவர் சுற்றத்தார்க்கும் தருகிறான். அவர்கள் பசி தீர உண்டு, அருவி நீர் பருகி, விடைபெற எழுகிறார்கள். காட்டு நாட்டார்க்கு வேறு அருங்கலன் இல்லை என்று கூறி, மார்பில் கிடந்த முத்தாரத்தையும் முன்கையில் இருந்த கடகத்தையும் கழற்றிக் கொடுக்கிறான். எந்த நாடு என்று கேட்டால் நாட்டைச் சொல்லவில்லை. யார் என்று கேட்டால் பெயரையும் சொல்லவில்லை. வழியில் பிறர் சொல்லக் கேட்டே அவன் தோட்டிமலைக்கு உரிய நள்ளி என்பது புலவர்க்குத் தெரியவருகிறது.

இந்த நள்ளி, சிறுபாணாற்றுப்படை போற்றும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனுடைய தோட்டிமலை நீலகிரியின் தொட்டபெட்டாப் பகுதியே எனக் கருதுவோர் உண்டு. அக்கருத்தை ஏற்பவர்க்கும் ஏற்காதவர்க்கும் பாட்டின் உட்பொருள் ஒன்றுதான். வேட்டையாடியவன் தன் பெயரை மறைக்கிறான். விருந்துண்டவன் அதைத் தேடிக் கண்டுபிடித்து நிலைநிறுத்துகிறான். கொடுப்பவன் கேட்காமலே கொடுத்தான். பெற்றவன் கேட்டுக் கேட்டுப் பெயரை அறிந்தான். இவ்விரண்டும் சேர்ந்ததே அக்காலத்து நாகரிகம்.

குறிஞ்சி நிலத்தில் காட்டுப்பன்றி வேட்டை பெரும்பாலும் தினைப்புனக் காவலின் ஒரு பகுதியாகவே இருந்தது. இதற்குச் சிறந்த சான்று மலைபடுகடாம். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் அந்நூல், பன்றிக்கு அஞ்சிக் குறவர்கள் புழைதோறும் பெருங்கல்லால் பொறி அமைத்திருப்பர் என்றும், ஆகவே இருளில் செல்லாது விடிந்தபின் செல்க என்றும் எச்சரிக்கிறது. அப்பொறிக்கு 'அடார்' என்று பெயர். வழியில் பன்றி கிடைத்தால் அதைச் சுட்டு உண்டு செல்லலாம் என்றும் அதே நூல் அயலவர்க்கு உரிமை தருகிறது. விளைந்ததைக் காக்க ஒரு பொறி, அதில் வீழ்ந்ததில் வழிப்போக்கனுக்கும் ஒரு பங்கு என்பது அன்றைய முறை. கொன்ற விலங்கின் தலையைச் சுவரில் மாட்டும் வழக்கத்திற்கு இந்த முறையில் இடமே இல்லை.

அவ்வழக்கம் பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மலையேறி வந்தது. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி வழியாக நீலகிரியை அடைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு எழுந்தது. வெயிலுக்கு அஞ்சிய அதிகாரிகளும் படைவீரர்களும் குடியேறினர். அவர்கள் கொண்டுவந்த பழக்கங்களுள் வேட்டை தலையாயது. இங்கிலாந்தில் நாய்க்கூட்டத்தை ஏவிக் குதிரையில் நரியைத் துரத்தியவர்கள், உதகைப் புல்வெளியில் குள்ளநரியைத் துரத்தினர். அப்பெரும் புல்வெளி, பின்னாளில் சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைப் பெற்றது.

பன்றி வேட்டையில் துரைமார்களுக்கு ஒரு விந்தையான ஒழுக்கம் இருந்தது. வடநாட்டுச் சமவெளிகளில் குதிரைமீது அமர்ந்து ஈட்டியால் பன்றியைக் குத்துவது அவர்களுக்குப் பெருமைக்குரிய ஆட்டம். மீரத்தில் அதற்கெனக் காதிர் கோப்பைப் போட்டியே நடந்தது. அத்தகைய இடங்களில் பன்றியைத் துப்பாக்கியால் சுடுவது இழிவாகக் கருதப்பட்டது. குதிரை ஓட இயலாத மலைச்சரிவுகளில் இக்கட்டுப்பாடு தளர்ந்தது. மடிப்பு மடிப்பாகச் சோலைகளும் இடையே புல்மேடுகளும் கொண்ட நீலகிரியில், வேட்டையின் அமைப்பே வேறு. துரை சோலையின் விளிம்பில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, துப்பாக்கியோடு நிற்பார். காடு கலைப்போர் மறுகோடியில் நுழைந்து, கூச்சலிட்டும் தட்டியும், நாய்களை ஏவியும் விலங்குகளை வெளியே துரத்துவர். அட்டையும் முள்ளும் நிறைந்த இருட்டுக்குள் நடப்பவர்கள் அவர்களே. காயம்பட்ட பன்றி திரும்பித் தாக்கினால், அதன் கோரைப்பல்லுக்கு முதலில் எதிர்ப்படுவோரும் அவர்களே.

எந்தச் சோலையில் எந்த விலங்கு எப்போது படுத்திருக்கும் என்னும் அறிவு துரைக்கு இல்லை. அது குறும்பர், இருளர் போன்ற காட்டு மக்களுடைய அறிவு. மண்ணில் கிளறிய தடம் இன்று விடியலிலா நேற்று மாலையிலா என்று சொல்ல அவர்களால் முடியும். துரைமார்கள் பல நூல்களை எழுதினர். ரிச்சர்டு ஹாமில்டன் 'ஹாக்ஐ' என்னும் புனைபெயரில் எழுதினார். டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள் 1892-இல் நூலாயின. அக்காலத்து வேட்டை நூல்களில் விலங்கின் உயரம், கொம்பின் நீளம், குண்டின் எடை ஆகியவை துல்லியமாகக் குறிக்கப்படும். உடன்சென்ற மனிதனோ பெரும்பாலும் 'என் ஷிகாரி' என்றோ 'ஒரு குறும்பன்' என்றோ குறிக்கப்படுவான். அங்குல அளவில் கொம்பை அளந்த கைக்கு, அவன் பெயரை எழுதுவதற்கு ஒரு வரி மிகுதியாகத் தோன்றியது போலும்.

விதிவிலக்குகளும் உண்டு. பெங்களூரில் வாழ்ந்து 1974-இல் மறைந்த கென்னத் ஆண்டர்சன், தமது நூல்களில் பைரா என்னும் பூசாரி இனத்து வேட்டுவனைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். காட்டைக் கற்பித்த தோழனாகவே அவனைக் காட்டுகிறார். அந்தக் காரணத்தாலேயே பைரா இன்றும் வாசகர் நெஞ்சில் வாழ்கிறான். ஒரு பெயரை எழுதுவதால் என்ன நேரும் என்பதற்கு இதுவே விடை.

பெயர் இழந்தவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர். சங்கப் புலவர் 'வருடை' என்றும், மலைமக்கள் 'வரையாடு' என்றும் அறிந்த விலங்கை, துரைமார்கள் 'ஐபெக்ஸ்' என்று அழைத்தனர். ஐபெக்ஸ் என்பது வேறு விலங்கு. தம் நாட்டினர் அறிந்த பெயரை இங்குள்ள உயிர்மீது ஒட்டிவிட்டு, அதையே சுட்டு வீழ்த்தினர். எண்ணிக்கை குறைந்தபோது அவர்களுக்கே அச்சம் பிறந்தது. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம், வேட்டை விலக்குக் காலம் ஆகியவை வந்தன. நேர்மையாகச் சொன்னால், வரையாடு இன்றும் முக்குறுத்தி மலைமுகடுகளில் நிற்பதற்கு அச்சட்டமும் ஒரு காரணம். ஆனால் காக்கப்பட்டது யாருக்காக என்பதையும் கேட்க வேண்டும். அடுத்த ஆண்டும் சுடுவதற்காகவே விலங்கு காக்கப்பட்டது. உணவுக்காக வலை கட்டியவனுக்கு அவனுடைய காடே விலக்கப்பட்ட இடமாயிற்று. வேட்டை உரிமம் வாங்கிய விருந்தினன் வீட்டுக்காரன் ஆனான். வீட்டுக்காரன் கூலிக்குக் காடு கலைப்பவன் ஆனான்.

இம்மலையில் வேட்டையாடாத மக்களும் உண்டு என்பதை இங்கே நினைவுகூர்வது தகும். தோடர்கள் எருமை மேய்க்கும் புலால் உண்ணாதோர். ஆயினும் அவர்களிடம் ஒரு வில் உண்டு. மனைவி கருவுற்றிருக்கும் காலத்தில், ஒருவன் குச்சியாலும் புல்லாலும் செய்த சிறிய வில்லையும் அம்பையும் அவளிடம் அளிப்பான். யார் வில்லை அளித்தானோ அவனே பிறக்கும் குழந்தைக்குத் தந்தை என்று சமுதாயம் ஏற்கும். 1906-இல் வெளிவந்த ரிவர்ஸின் தோடர் பற்றிய நூல் இச்சடங்கை விரிவாகக் கூறுகிறது. எந்த உயிரையும் கொல்லாத அந்த வில், ஓர் உயிருக்குக் குலமும் உறவும் தருகிறது. துப்பாக்கிகள் நிறைந்த ஒரு நூற்றாண்டில் அதே மலையில் இப்படியும் ஒரு வில் இருந்தது என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கடல் கடந்தும் இக்கதைக்குத் தொடர்ச்சி உண்டு. இலங்கையின் நுவரெலியாவில் 1848 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தை ஏவி, கையில் கத்தியோடு கடமானையும் பன்றியையும் எதிர்கொண்டதை நூலாக எழுதிப் புகழ்பெற்றார். அவர் வேட்டையாடிய மலைநாட்டில் பின்னர் காப்பியும் தேயிலையும் பரவின. அவற்றை வளர்க்கத் தமிழகத்து ஏழைகள் கப்பலேறினர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அவர்களுள் பலர் திரும்பிவந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் தொடங்கப்பட்டதே பின்னாளில் டான்டீ எனப் பெயர்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டம். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் அம்மக்கள் குடியமர்ந்தனர்.

1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை ஆட்டத்தை முடித்துவைத்தது. 1877-இல் பிறந்த வேட்டைச் சங்கம், இன்று வன உயிரினத்தையும் சுற்றுச்சூழலையும் பேணும் சங்கமாகப் பெயரும் பணியும் மாறி நிற்கிறது. துப்பாக்கி பிடித்தவர்களின் வழிவந்த அமைப்பே காவலுக்கு வந்தது நல்ல முடிவுதான். ஆயினும் பன்றியின் கதை முடியவில்லை. உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிட்ட சரிவுகளில் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் பருவ உழைப்பைப் பன்றிக்கூட்டம் கிளறிப் போட்டுவிடும். மனமொடிந்தவர்களுள் சிலர் சுருக்குக் கம்பி கட்டுகின்றனர்; அதில் சிறுத்தை சிக்கி மாய்கிறது. சிலர் பன்றிக்கென அவுட்டுக்காய் வைக்கின்றனர். அதைக் கடித்து யானை வாய் சிதைந்து சாகிறது. 2025-இல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கு வழிசெய்தது. மலைபடுகடாத்தின் குறவன் எதற்கு அஞ்சி அடார் அமைத்தானோ, அதே அச்சம் இன்றும் அம்மலைச்சரிவில் இரவெல்லாம் விழித்திருக்கிறது.

இந்நிலையில் கவிஞனின் கடமை என்ன? பன்றியின் பக்கமா, பயிரின் பக்கமா என்று தீர்ப்பு எழுதுவது அவன் வேலையன்று. அதற்குச் சட்டமும் அறிவியலும் உண்டு. வன்பரணர் செய்த வேலையே அவனுடைய வேலை. நீலகிரியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கவிதைகளில் பனியும் யூகலிப்டஸ் மணமும் மலைரயிலும் குறைவின்றி வருகின்றன. காவல் பரணில் தகரம் தட்டி இரவைக் கழிப்பவன் வருவதில்லை. தடம் பார்த்து யானை வருமுன் எச்சரிக்கும் இருளர் இளைஞன் வருவதில்லை. வனத்துறையில் தற்காலிகக் காவலராக நடக்கும் குறும்பரின் பெயரும் வருவதில்லை. சுற்றுலாச் சென்று கவிதையோடு திரும்புவோரும், கொம்போடு திரும்பிய துரையைப் போலவே, வழிகாட்டியின் பெயரை மறந்துவிடுகின்றனர்.

பலாமரத்தடியில் உண்டு பசியாறிய புலவர், பொன்னும் முத்தும் பெற்றபின் தம் வழியே போயிருக்கலாம். அவர் போகவில்லை. எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டார்: அவன் எந்த நாட்டான், அவன் யார்? அக்கேள்வியால்தான் நள்ளி இருக்கிறான். மலைக்குச் செல்லும் ஒவ்வொரு கவிஞரும் திரும்புவதற்கு முன் அதே கேள்வியை ஒருமுறை கேட்டு, விடையை எழுதிவைத்தால், பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரில் சில புதிய பெயர்கள் இடம்பெறும். அதைவிடப் பெரிய விழா வேறில்லை.