வலிக்கு மருந்து கேட்டால் வழக்கா?

(குர்லா கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரயில்வேயில் பேனா பிடிக்கும் குமாஸ்தா. டாக்டருமல்ல, வக்கீலுமல்ல. ஆனாலும் இன்று கஞ்சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தாய்மார்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மூட்டை தூக்கும் மாதாடித் தோழர் ஒருவர் நம் பகுதியில் இருக்கிறார். அடுக்கு சரிந்து முதுகில் விழுந்தது, முதுகுத்தண்டு நைந்துபோயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆனால் இரவானால் கால்கள் தாமாக விறைத்து இழுக்கின்றன. முதுகு நெருப்பாய் எரிகிறது. வலி மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். யாரோ கஞ்சா கொடுத்தார்கள், அன்றிரவு தூங்கினார். மறுவாரம் அதை வாங்கப் போன மகன் போலீசிடம் மாட்டிக்கொண்டான். படிக்கிற பையன், இன்று கோர்ட்டுக்கு அலைகிறான். அப்பன் செய்த குற்றமென்ன? மூட்டை தூக்கியதுதானே!

சட்டம் என்ன சொல்கிறது? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவத் தேவைக்கு விதிவிலக்கு தருகிறது. ஆனால் அந்த விதிவிலக்கு ஏழையின் படுக்கைவரை வருவதில்லை. ஒரு கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்தாலும் ஓராண்டுவரை சிறை, பத்தாயிரம்வரை அபராதம், அல்லது இரண்டும். பூவும் காயும் சேராத இலை, அச்சட்டத்தின்படி கஞ்சா ஆகாது. அதனால்தான் ஆயுர்வேதக் கம்பெனிகள் 'விஜயா' என்ற பெயரில் இலையிலிருந்து எண்ணெயும் மாத்திரையும் செய்து, வைத்தியர் சீட்டுக்கு விற்கின்றன. விலையைக் கேட்டால் கூலிக்காரனுக்குத் தலை சுற்றும். காசியில் அரசு அனுமதி பெற்ற கடையில் பாங்கு கிடைக்கிறது. இங்கே உரிமமில்லாமல் வைத்திருந்தால் 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் பாய்கிறது. காசுள்ளவனுக்கு மருந்து, இல்லாதவனுக்கு விலங்கு!

தோழர்களே, கஞ்சா சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. அறுந்த நரம்பை அது ஒட்டாது. நரம்பு நோயால் வரும் தசை விறைப்புக்கு, கஞ்சாவிலிருந்து செய்த, வாயில் தெளிக்கும் மருந்தை 2010இல் பிரிட்டன் அனுமதித்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் சிலருக்குப் பலன் கிடைக்கிறது, சிலருக்கு இல்லை. இளைஞர்களின் மனதைக் கெடுக்கும் ஆபத்தும் உண்டு. சந்தில் வாங்கும் பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. ஆகவே பிள்ளைகளை அங்கே அனுப்பாதீர்கள். விறைப்புக்கு வேறு மாத்திரைகளும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள்.

ஆனால் கேட்பதோடு நிற்கலாமா? மார்பினை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டு வயலில் அரசே உரிமம் கொடுத்து அபின் விளைவிக்கிறது. அப்படியிருந்தும் 1985க்குப் பிறகு, உரிமக் கெடுபிடிக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்பினை வைக்காமல் விட்டன, புற்றுநோயாளிகள் துடித்தார்கள். கேரளத்து டாக்டர் ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2014இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுத்தபோது, இந்தியாவும் ஆதரித்துக் கை தூக்கியது. வியன்னாவில் தூக்கிய கை, குர்லாவில் ஏன் இறங்கிக் கிடக்கிறது?

நம் கோரிக்கைகள் மூன்று. அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் வலிக்கென்று தனிப் பிரிவு வேண்டும். அளவும் தரமும் சோதித்த மருந்து, பலன் தருமென்று டாக்டர் கருதினால், சீட்டின்பேரில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். நோயாளியையும் அவருக்குத் துணை நிற்கும் குடும்பத்தையும் குற்றவாளியாக்கக் கூடாது.

இந்த நகரத்தின் மூட்டைகளை நம் முதுகு சுமந்தது. அந்த முதுகு ஒடிந்தால் மருந்து கேட்பது பிச்சையல்ல, உரிமை! கேட்போம், ஒன்றாய்க் கேட்போம்.