நாய்க்கும் பேப்பர் வேணும்: தூத்துக்குடியிலிருந்து தீவுக்குப் போறவங்களுக்கு

தூத்துக்குடியிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. கொழும்புல வேலை கிடைச்சிருக்கு. வீட்ல மூணு வயசு நாய் இருக்கு. "நம்மூர்ல இருந்து பார்த்தா இலங்கை பக்கத்துலதானே இருக்கு, நாயைக் கூட்டிட்டுப் போறதுக்கு எதுக்குங்க இவ்வளவு பேப்பர்?" இதுதான் கேள்வி. எதுக்குன்னு முதல்ல பார்ப்போம், எப்படின்னு அப்புறம்.

1997 செப்டம்பர். இந்தோனேசியாவில ஃப்ளோரஸ்னு ஒரு தீவு. அதுவரைக்கும் அங்கே ரேபிஸ், அதாவது வெறிநோய், கிடையாது. சுலவேசி பக்கம் பூட்டன் தீவிலிருந்து மீனவர்கள் வந்த படகுல மூணு நாய்களும் வந்து லாரன்துகாங்கிற ஊர்ல இறங்குச்சு. பூட்டன்ல ரேபிஸ் இருந்தது. அடுத்த சில வருஷத்துல ஃப்ளோரஸ்ல குறைஞ்சது 113 பேர் ரேபிஸால இறந்தாங்க. நோயை நிறுத்துறோம்னு கிட்டத்தட்ட 3 லட்சம் நாய்களைக் கொன்னாங்க. தீவில இருந்த நாய்கள்ல ஏறக்குறைய பாதி. அப்படியும் நோய் போகல.

படகுல வந்தது மூணே மூணு நாய். வந்தவங்க கடத்தல்காரங்க இல்ல, நம்ம கடற்கரையில இருக்கிற மாதிரி சாதாரண மீனவர்கள்.

2008-ல பாலியிலயும் இதே கதை. அதுவரைக்கும் ரேபிஸ் இல்லாத தீவு. அந்த வருஷக் கடைசியில நோய் வந்தது, இன்னைக்கு வரைக்கும் முழுசா ஒழியல.

ரேபிஸ்ல அறிகுறி தெரிய ஆரம்பிச்சுட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்ல. கடிபட்ட நாய்க்கு அறிகுறி வெளியில தெரிய வாரக்கணக்கு, சமயத்துல மாசக்கணக்கு கூட ஆகும். அதனால துறைமுகத்துல நிக்கிற அதிகாரி, வாலாட்டிட்டு வர்ற நாயைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அவருக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்தப் பேப்பர்தான். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, தீவுக்குக் கடல்தான் ஃபயர்வால். இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிற இடம் அதுல திறந்திருக்கிற ஒரே போர்ட்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். உலகத்துல ரேபிஸால சாகிறவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல இந்தியாவிலன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. ஆனா இதே நாட்டுல லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் ரெண்டும் ரேபிஸ் இல்லாத பகுதிகள். லட்சத்தீவுக்கு நாயைக் கொண்டுபோகவே கூடாது.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துல இருந்து காய்கறி, கட்டுமானச் சாமான்னு ஏத்திட்டு தோணிகள் மாலத்தீவுக்குப் போறது உங்களுக்குத் தெரியும். 2020 செப்டம்பர்ல தூத்துக்குடி, கொச்சி வழியா மாலேவுக்கு நேரடி சரக்குக் கப்பலும் விட்டாங்க. அந்த மாலத்தீவுல நாய் இறக்குமதிக்கே தடை. போலீஸ் மோப்ப நாய் மாதிரி விதிவிலக்குதான் உண்டு. அங்கே மதமும் ஒரு காரணம். பூனைக்கு அனுமதி உண்டு, அதுக்கும் பேப்பர் வேணும். அதனால மாலத்தீவுல வேலை கிடைச்சா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே நாயை யார் பார்த்துக்குவாங்கன்னு முடிவு பண்ணிடுங்க.

சரி, கொழும்பு. 2011-ல தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் ஓடுச்சு. சில மாசத்துல நின்னுபோச்சு. 2023-ல நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் வந்தது. ஆனா நாய்க்கு நடைமுறையில வழி சென்னையிலிருந்து விமானம்தான். ஏன்னா மத்திய அரசோட விலங்கு குவாரண்டைன் நிலையம் தமிழ்நாட்டுல சென்னையில, பள்ளிக்கரணையிலதான் இருக்கு. தூத்துக்குடியில இல்ல.

வேலையை இந்த வரிசையில செய்யுங்க.

ஒண்ணு, மைக்ரோசிப். 15 இலக்க எண் உள்ள சின்ன சிப், தோலுக்கு அடியில வைப்பாங்க. சிப் வச்ச பிறகுதான் ரேபிஸ் ஊசி. வரிசை மாறினா பல நாடுகள் அந்த ஊசியைக் கணக்குலயே எடுத்துக்காது. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான்னு நிரூபிக்க வேற வழி இல்லையே.

ரெண்டு, ரேபிஸ் தடுப்பூசி. போட்டு 30 நாளாவது ஆகியிருக்கணும், ஒரு வருஷத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. பொதுவா கேட்கிற கணக்கு இதுதான்.

மூணு, இறக்குமதி அனுமதி. இலங்கையில இதைக் கொடுக்கிறது பேராதனையில இருக்கிற கால்நடை உற்பத்தி மற்றும் சுகாதாரத் திணைக்களம். டிக்கெட்டுக்கு முன்னாடி இதை வாங்குங்க. ரத்தப் பரிசோதனை கேட்பாங்களா, எத்தனை நாள் தனியா வைப்பாங்க எல்லாம் அந்த அனுமதிக் கடிதத்துலயே இருக்கும். பழைய யூடியூப் வீடியோவை நம்பாதீங்க, அந்தக் கடிதத்தை நம்புங்க.

நாலு, கிளம்புறதுக்குச் சில நாள் முன்னாடி கால்நடை மருத்துவர்கிட்ட உடல்நலச் சான்று. அதை வச்சு பள்ளிக்கரணை அலுவலகத்துல ஏற்றுமதிச் சான்று. நாயையும் நேர்ல பார்ப்பாங்க.

மொத்தத்துக்கும் மூணு மாசம் ஒதுக்குங்க.

பலர் மறக்கிறது திரும்பி வர்றதை. இந்தியாவுக்குள்ள விலங்கு வர சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் மாதிரி அனுமதிச்ச ஊர்கள் வழிதான். முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்கணும். குடிபெயர்ந்து திரும்புறவங்க ரெண்டு செல்லப் பிராணி வரைக்கும் லக்கேஜ் விதியில கொண்டு வரலாம். மத்தவங்களுக்கு இறக்குமதி லைசென்ஸ் தேவைப்படும். அதனால அந்த ஊர்ல எத்தனை நாள் இருக்கப் போறீங்கங்கிறதையும் யோசிங்க. ஆறு மாச வேலைன்னா அம்மா வீட்லயே விட்டுட்டுப் போறதுதான் நாய்க்கு நல்லது.

பேப்பர் இல்லாம வந்தா என்ன ஆகும்? 2020-ல சென்னைத் துறைமுகத்துல சீனாவிலிருந்து வந்த கண்டெய்னர்ல ஒரு பூனை இருந்தது. கொரோனா பயம் வேற. திருப்பி அனுப்பணும்னாங்க, விலங்கு நல அமைப்பு எதிர்த்தது. மாசக்கணக்குல பிடிச்சு வச்சிருந்துட்டுதான் விட்டாங்க. அது மேல தப்பே இல்ல, ஆனா அதுக்காக ஒரு சான்று காட்ட ஆள் இல்ல.

முத்துக்குளித்துறைக்காரங்களுக்கு இந்தக் கடல் வாசல் மாதிரி. தெரிஞ்ச படகுல ஒரு குட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் போறது பெரிய விஷயமாத் தோணாது. ஃப்ளோரஸ் மீனவர்களுக்கும் தோணியிருக்காது. பேப்பர் வேலை அலுப்புதான், மறுக்கல. ஆனா உங்க நாய் போற தெருவிலயும் குழந்தைங்க விளையாடும், அங்கேயும் நாய்ங்க இருக்கும்.

அனுபவம் உள்ளவங்க வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துப் போடுறேன்.