நஜ்ஜாஷி மன்னரை அழவைத்த பேச்சு

(பொன்விழாப் பேச்சுப் போட்டியின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)





மார்க்கச் சொற்பொழிவை நாம் ‘பயான்’ என்கிறோம். அந்த அரபுச் சொல்லுக்குத் தெளிவு, விளக்கம் என்று பொருள். சில பேச்சில் சூனியம் இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை எல்லா மேடையிலும் எடுத்துச் சொல்கிறோம். அவர்களுடைய பேச்சை எண்ண நினைப்பவர் எண்ணிவிடலாம், அவ்வளவு நிதானம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை.

தெளிவான பேச்சு என்ன செய்யும் என்பதற்கு ஹபஷா நாட்டில் நடந்ததைப் பாருங்கள். கி.பி. 615 வாக்கில், குறைஷியரின் கொடுமை தாங்காமல் கடல் கடந்த முஸ்லிம்கள் அங்கே நஜ்ஜாஷி மன்னரின் நிழலில் தங்கினார்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவர மக்காவிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் அம்ர் இப்னுல் ஆஸ். அப்போது அவர் இஸ்லாத்தில் இல்லை. மன்னரைப் பார்க்குமுன்பே ஒவ்வொரு பிரதானிக்கும் தோல்பொருள்களை அன்பளிப்பாகக் கொடுத்துக் காரியத்தைப் பேசி வைத்துவிட்டார்கள். அகதிகளின் கையில் கொடுக்க ஒன்றுமில்லை. அவர்களுக்காகப் பேச எழுந்தவர் அபூதாலிபின் மகன் ஜஅஃபர் (ரலி) என்ற இளைஞர்.

சொந்தச் சமூகத்தின் மார்க்கத்தை விட்டீர்கள், என் மார்க்கத்திலும் சேரவில்லை. இது என்ன மார்க்கம் என்று மன்னர் கேட்டார்.

ஜஅஃபர் (ரலி) அவர்கள் எதிரே நின்றவர்களை ஏசவில்லை. ‘நாங்கள்’ என்றே தொடங்கினார்கள். நாங்கள் சிலைகளை வணங்கினோம், செத்ததைத் தின்றோம், உறவை முறித்தோம், எங்களில் வலியவன் எளியவனை விழுங்கினான் என்றார்கள். பிறகு தங்களிடம் வந்த தூதரின் வாய்மை, நாணயம்; அவர் ஏவிய நன்மைகள்; அதற்காகத் தாங்கள் பட்ட துன்பம். கடைசியில், மற்றவர்களை விட்டு உங்களைத் தேர்ந்து வந்தோம், உங்களிடம் அநீதி நேராது என்று நம்பினோம் என்று முடித்தார்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள். விசாரிக்கப்பட்டவர் நீதியின் பாரத்தை மன்னர் தோளில் ஏற்றிவிட்டார்!

இறைவேதத்தில் ஏதேனும் உண்டா என்று கேட்டதும், 19ஆம் அத்தியாயமான மர்யமின் தொடக்கத்தை ஓதினார்கள். கேட்பவர் கிறிஸ்தவ மன்னர் அல்லவா? தாடி நனைய அவர் அழுதார் என்று, அகதிகளில் ஒருவரான அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

எனக்கு மறுநாள்தான் பெரிதாகப் படுகிறது. ஈஸா நபியைப் பற்றி இவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று அம்ர் மூட்டிவிட்டார். அகதிகளுக்குப் பெருங்கவலை. ஒரு சொல்லை மழுப்பினால் தப்பிக்கலாம். ஜஅஃபர் (ரலி) அவர்கள் மழுப்பவில்லை. அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்று உள்ளதைச் சொன்னார்கள். மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, இந்த அளவுகூட வித்தியாசமில்லை என்றார். பிரதானிகள் முணுமுணுத்தார்கள். அன்பளிப்புகள் திரும்பிப் போயின.

நம் மேடைகளிலோ மோனை விழுந்தால் கைதட்டல் விழுகிறது. அடுக்குமொழி எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெளியில் ஆங்கிலமும் மலாயும் பேசும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பயானில் பாதி புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சில வாரம் பார்த்துவிட்டு வராமலே இருந்துவிடுகிறார்கள்.

நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குரலுக்கும் கையசைவுக்கும் மதிப்பெண் போடுங்கள். போடுமுன், கடைசி வரிசையில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, இப்போது பேசியவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.