துள்ளும் நடையும் துயரச் சுரமும்



பாட்டு விரைந்து சென்றால் மகிழ்ச்சி, மெல்லச் சென்றால் சோகம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் வாழ்வோரிடம் இவ்வெண்ணம் நெடுநாள் நிலைப்பதில்லை. உடப்புக் கடற்கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலைக் கேட்டவர்கள் இதனை அறிவர். வலையின் மடி கரையை அணுக அணுக இழுவை விரையும். அதனோடு பாட்டும் விரையும். அது தோள்களின் வேகம். மடியில் மீன் உண்டோ இல்லையோ, பாடுவோர்க்கு அப்பொழுது தெரியாது. அதனை மகிழ்ச்சி என்பதா, கவலை என்பதா?

ஆகவே காலப்பிரமாணம் ஒன்றைக் கொண்டு பாட்டின் பாவத்தை அளந்துவிட இயலாது. சுரங்கள் என்ன செய்கின்றன என்றும் நோக்க வேண்டும். இதற்கு நல்ல சான்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசை. அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் தென் மாநிலங்களில் வளர்த்த இசை அது. வயல்வெளித் தொழிற்பாடல்களும் அதன் வேர்களுள் அடங்கும். பெயரே மனச்சோர்வைக் குறிப்பது. எனினும் துள்ளி நடக்கும் புளூஸ் பாடல்கள் பல உள. 1936 இல் றொபேட் ஜோன்சன் ஒலிப்பதிவு செய்த 'சுவீற் ஹோம் சிக்காகோ' அவற்றுள் ஒன்று. தெற்கை விட்டு வடக்கு நகரங்களை நோக்கி அம்மக்கள் திரள் திரளாகப் பெயர்ந்த காலம் அது.

இத்தகைய பாடலில் ஒவ்வோர் அடியும் மூன்று கூறாகும். முதலிரண்டும் ஒன்றாய் நீள, மூன்றாவது குறுகி விழும். நம் திஸ்ர நடையின் 'தகிட' என்பதில் நடுவெழுத்தை ஒலியாது விட்டாற் போன்றது. துள்ளல் அங்கேதான் பிறக்கிறது. அடிகள் நான்கு கொண்ட அளவுகள் 12. ஆக 48 அடிகளில் ஒரு சுற்று முடியும். கித்தார் பெரும்பாலும் ச, ம, ப என்னும் மூன்று சுரங்களின் மேலேயே தன் இசைக்கட்டுகளை மாறி மாறி அமைக்கும்.

கித்தார் அந்தர காந்தாரத்தை ஒலிக்கும். மேனாட்டார் மகிழ்ச்சிக்குரியதென வகுத்த 'மேஜர்' சுருதியின் அடையாளம் அது. பாடுவோன் குரலோ சாதாரண காந்தாரத்தின் பக்கம் சாய்ந்து, இரண்டிற்கும் இடையே வழுக்கிச் செல்லும். நிஷாதமும் அவ்வாறே தாழ்ந்து ஒலிக்கும். கால் ஆடுகின்றது, குரல் வாடுகின்றது. நம் வித்துவான்கள் இதனைச் சுரப்பிழை என்னக்கூடும். எனக்கோ அப்பாட்டின் உயிரே அவ்விடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆபிரிக்காவிலிருந்து கடல் கடத்திக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் நம் மாவட்டத்திலும் உளர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகியோர் காலங்களில் அடிமைகளாகவும் படைவீரராகவும் வந்தோரின் மரபினர் அவர்கள். புத்தளம் நகருக்கு அண்மையில், சிரம்பியடியில், 'மன்ஜா' எனும் பாடலை இன்றும் பாடுகின்றனர். றபான், தேங்காய்ச் சிரட்டை, போத்தல், கரண்டி ஆகியவையே பக்கவாத்தியங்கள். சில வரிகளே திரும்பத் திரும்ப வரும். மெல்லத் தொடங்கி விரைவு ஏறி, இறுதியில் அமர்ந்திருப்போரையும் எழுப்பிவிடும். புளூசுக்கும் இதற்கும் நேரடி உறவு கூறுவதற்கில்லை. இதன் உறவு பைலாவோடு. சிலோன் மனோகரின் 'சுராங்கனி'யைக் கேட்டுத் தாளமிட்ட தமிழர்களுக்கு அந்த ஆறெட்டு நடை புதிதன்று.

மன்ஜாவின் சொற்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைச் சேர்ந்தவை. இன்று அவர்தம் வீட்டுமொழி சிங்களம். இளையோர் பலர் செவிவழியே சொற்களைக் கற்றுப் பாடுகின்றனர்; பொருள் அறிந்த முதியோர் மிகச் சிலரே. அவர்களும் மறைந்தால் பாட்டு நிற்கும், வேகமும் நிற்கும். எதனைப் பாடினார்கள் என்பது மட்டும் போய்விடும். விழாக்களில் கைதட்டுவோர் இப்பொழுதே அதனை வெறும் களியாட்டம் என்றுதான் கொள்கின்றனர்.

பாடசாலை விழாக்களுக்கு இக்குழுவினரை அழைக்கும் ஆசிரியர்களை ஒன்று வேண்டுகிறேன். ஆட்டம் தொடங்குமுன் மூத்தவர் ஒருவரை அழைத்து, வரிகளின் பொருளைச் சிங்களத்திலேனும் சொல்லச் செய்யுங்கள். பின்பு வாத்தியம் எதுவுமின்றி ஒருமுறை, விரைவின்றி, அவரையே பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். றபான் அதன்பின் முழங்கட்டும்.