நீர்ச்செடிக்கு ஏற்ற ஒளி

வீட்டு முன்கூடத்திலே ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள்ளே பச்சைப் பசேலென்ற செடிகள். அவற்றிடையே நீந்தும் சிறு மீன்கள். இக்காட்சியை விரும்பாதார் மிகச் சிலரே. ஆயினும், ஆசையோடு தொட்டி அமைத்தோரிற் பலர் ஓரிரு மாதங்களிற் சலிப்படைந்து விடுகின்றனர். செடிகள் நலிகின்றன, கண்ணாடியிற் பாசி படர்கின்றது. வெளிச்சம் போதவில்லைப் போலும் என்றெண்ணி, முன்னையதிலும் வலிய விளக்கொன்றை வாங்கி மாட்டுகின்றனர். பாசி இரட்டிப்பாகின்றது. குறை எங்கே உள்ளது? விளக்கு எவ்வளவு பிரகாசமானது என்று கேட்டவர்கள், செடி எத்தகைய இடத்திற் பிறந்தது என்று கேளாமையே குறை.

அக்கேள்விக்கு விடை காண நாலந்தாப் பக்கம் சென்று பார்க்கலாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில் உள்ளது அவ்வூர். ஈரமான மலைநாடு வறண்ட சமவெளியாக மாறும் இடைப்பகுதி அது. அங்கிருந்து வடக்கே செல்லச் செல்ல வெயில் காயும் திறந்த குளங்கள். தெற்கே ஏற ஏற மரநிழலில் ஓடும் மலையோடைகள். நீர்ச்செடிகளின் உலகமும் இவ்வாறே இரண்டாகப் பிரிகின்றது.

திறந்த குளங்களிலே கொட்டிக்கிழங்கு இனத்துச் செடிகள் வளர்கின்றன. சிங்கள மக்கள் ‘கெக்கட்டிய’ என்று கறி சமைப்பதும் இவ்வினமே. கதிரவனின் ஒளி நேரே விழும் நீர் இவற்றின் வீடு. நிழலோடையில் வாழ்வது வேறொரு குடும்பம். ‘கிரிப்டோகோரைன்’ என்னும் பெயருடைய அச்செடிகள் சேம்பின் சுற்றத்தைச் சேர்ந்தவை. பூந்தண்டு மடற் குழாயினுள்ளே மறைந்திருப்பதால், ‘மறைந்த தடி’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அவற்றுக்குப் பெயரிட்டனர். அவற்றுட் பல இனங்கள் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ‘பெக்கெட்டி’ என்னும் இனத்தை 1885ஆம் ஆண்டிலே பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி டிரைமன் நூல்வழி அறிமுகப்படுத்தினார். ‘வெண்டி’ என்னும் இனத்துக்கு 1958ஆம் ஆண்டிலே ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விட் பெயர் சூட்டினார். இன்று உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளிற் பெரிதும் வளர்க்கப்படும் செடிகளுள் இந்த ‘வெண்டி’ ஒன்று.

நண்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய ஓரிலட்சம் லக்ஸ் அளவினது. அடர்ந்த மழைக்காட்டின் தரையை அடைவது அதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே. ஓடையின்மேற் கிளைகள் சற்று விலகியிருப்பதால் அங்கே அதனினும் சிறிது கூடுதலாக ஒளி கிடைக்கலாம். அந்த மங்கலுக்கே பழகியது நமது ஓடைச்செடி. மெல்ல வளரும், குறைவாக உண்ணும். ஒளி என்பது செடிக்கு அடுப்பிலிடும் தீயைப் போன்றது. தீயைப் பெருக்கினால் அரிசியும் நீரும் அதற்கேற்பப் பெருக வேண்டும். செடிக்கு அவ்வாறு வேண்டுவன கரியமில வாயுவும் உப்புச் சத்துக்களும். கரியமில வாயுவோ காற்றிற் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகின்றது. ஆதலால் ஒளியை மட்டும் மிகுத்தால், செடியால் அதனைப் பயன்கொள்ள இயலாது. எஞ்சிய ஒளியைப் பாசி தனதாக்கிக் கொள்கின்றது.

இனி விளக்கைத் தெரிவு செய்யும் முறையைப் பார்ப்போம். அறுபது சென்ரிமீற்றர் நீளமும் முப்பது சென்ரிமீற்றர் அகலமும் முப்பத்தைந்து சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 63 லீற்றர் கொள்ளும். நிழற்செடிகளுக்கு லீற்றர் ஒன்றுக்குப் பதினைந்து முதல் இருபது லூமன் ஒளி போதுமென்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. அஃதாவது, மொத்தம் 1,000 முதல் 1,200 லூமன் வரை. எல்.ஈ.டி. விளக்காயின் பத்துப் பன்னிரண்டு வாட் வலு அதற்குப் போதும். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. லூமன் என்பது அது தரும் ஒளியின் அளவு. பெட்டியின்மீது இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவது. விரைந்து வளரும் வெயிற்செடிகளை வளர்ப்போர் லீற்றருக்கு நாற்பது லூமனும் அதற்கு மேலும் வேண்டுவர். அவர்கள் கரியமில வாயுவும் உரமும் இடவேண்டும்.

நிறத்தைக் குறிக்கக் கெல்வின் என்னும் அளவு உண்டு. 6,500 கெல்வின் அளவினதாகிய வெண்ணொளி பகல்வெளிச்சத்தை ஒத்தது. செடிக்கும் நன்று, கண்ணுக்கும் இதம். நீர்க்கசிவுக்கு இடமான இடத்தில் 230 வோல்ற் மின்சாரம் வருவதால், விளக்குக்கும் நீருக்குமிடையே கண்ணாடி மூடியும், வீட்டு மின்னிணைப்பில் மின்கசிவுத் துண்டிப்பானும் இருத்தல் அவசியம்.

வலுவைப் போலவே நேரமும் முக்கியம். இலங்கையிற் பகற்பொழுது ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கின்றது. ஆனால் தொட்டி விளக்கு காலையும் மாலையும் மங்குவதில்லை. எரியும்போது ஒரே சீராக எரிகின்றது. ஆகவே ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். மறதிக்கு இடமளியாது, நேரக்கணிப்பி ஒன்றைப் பொருத்திவிடுதல் நலம். யன்னல் வெயில் தொட்டிமீது நேரே படாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிதமான ஒளியினால் மீன்களுக்கும் நன்மை உண்டு. தென்மேற்கு ஈரவலயத்து நிழலோடைகளில் வாழும் ‘புலத் ஹபயா’ என்னும் மீனின் பெயருக்கு வெற்றிலை மெல்லுவது என்பது பொருள். ஆண்மீனின் தலையிற் காணும் செந்நிறமே அப்பெயருக்குக் காரணம். நிழலும் செடியும் உள்ள தொட்டியிலேதான் அந்நிறம் சிறந்து தோன்றும்.

ஒரு செய்தியைக் கட்டாயம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஓடைச்செடிகளை இடம் மாற்றினாலோ, ஒளியைத் திடீரென்று கூட்டினாலோ, இலைகள் சில நாட்களிற் கண்ணாடிபோலாகிக் கரைந்துவிடும். செடி இறந்ததென்று கருதிப் பலர் அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு தேடுகின்றனர். உண்மையில் வேர்த்தண்டு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். தொடாது விட்டால் சில வாரங்களிற் புதிய இலை துளிர்க்கும். பொறுமையின்றி எறியப்படும் ஒவ்வொரு செடிக்கும் ஈடாக வேறெங்கோ ஓர் ஓடை தன் செடியை இழக்க நேரலாம். வேண்டுவோர் ஓடையிற் பிடுங்காது, வளர்ப்புப் பண்ணையில் உற்பத்தியான நாற்றையே வாங்குதல் தகும்.

நாலந்தாவுக்குச் செல்வோர் அங்குள்ள கெடிகே என்னும் பழைய கற்கட்டடத்தையும் காண்பர். திராவிடப் பாணியில் அமைந்த அந்தப் பௌத்த வழிபாட்டிடம் போவதன்னை நீர்த்தேக்கத்தினால் மூழ்கவிருந்தது. ஆதலால் 1975ஆம் ஆண்டு முதல் அதனைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டு நிலத்திலே மீண்டும் கட்டினர்; 1980ஆம் ஆண்டளவில் அப்பணி நிறைவேறியது. கல்லை எண்ணிட்டு இடம் மாற்ற முடிந்தது. நிழலை அவ்வாறு கழற்றி எடுத்துச் செல்ல இயலாது. கரை மரங்களை வெட்டினால் ஓடையிலே வெயில் புகும். நிழலை நம்பிய செடி அழியும். வீட்டுத் தொட்டியிலே விளக்கின் ஒளியைக் குறைத்து வைத்து, ஓர் ஓடைச்செடி தழைப்பதைக் காணும் சிறுவர்கள், அம்மரங்கள் எதற்காக நிற்கின்றன என்பதையும் உணர்வார்கள்.