முப்பதாவது நாள் எங்கே இருக்கணும்? குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு

(தஞ்சாவூர் வட்டாரத்தில் தாய் சேய் நலம் குறித்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நடவு வேலையை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன். நான் டாக்டர் இல்லை, செய்தித் துறையில் எழுதுற வேலை. டாக்டர்களும் நர்சம்மாவும் சொல்ற விஷயத்தை நம்ம வீட்டுப் பேச்சில் சொல்லத்தான் வந்திருக்கேன்.

நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. "ஏழு மாசத்துல பொறந்தா தங்கும், எட்டு மாசத்துல பொறந்தா தங்காது"ன்னு பெரியவங்க சொல்வாங்க. இது சரியில்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் பலம். ஏழைவிட எட்டு நல்லது, எட்டைவிட ஒன்பது நல்லது.

37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. இரண்டும் ஒண்ணு இல்லை. மாசம் நிறைஞ்சும் எடை குறைவாகப் பிறக்கிற குழந்தைகள் நம்ம நாட்டில் நிறைய. உலகத்தில் பத்தில் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறக்குது. 2020-ல் மட்டும் அப்படிப் பிறந்தவர்கள் சுமார் 1 கோடியே 34 லட்சம். அதில் அதிகம் பேர் பிறந்தது இந்தியாவில்தான். அதனால யார் வீட்டில் நடந்தாலும் "என்ன பாவம் செஞ்சாளோ"ன்னு தாயைப் பேச வேண்டாம்.

காரணங்கள் பல. ரத்தசோகை, சிறுநீர்த் தொற்று, ரத்தக்கொதிப்பு, இரட்டைக் குழந்தை, சின்ன வயசில் கர்ப்பம், அடுத்தடுத்த பிரசவம். வெற்றிலையோடு போடுற புகையிலைக்கும் இதில் பங்கு உண்டு. வயல் வேலைக்குப் போகிற கர்ப்பிணிகள் தண்ணி குடிக்காம, சிறுநீரை அடக்கிக்கிட்டு நாள் முழுக்க குனிஞ்சு நிக்கிறாங்க. மாசம் ஆகறதுக்கு முன்னாடியே இடுப்புவலி விட்டு விட்டு வந்தாலோ, தண்ணிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, "விடியட்டும் பார்க்கலாம்"னு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட தாய்க்கு ஒரு ஊசி இருக்கு. அது வேலை செய்யப் பிரசவத்துக்கு முன்னாடி கொஞ்சம் நேரம் கிடைக்கணும்.

சரி, குழந்தை பிறந்தாச்சு. 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனை நம்ம எல்லாருக்கும் தெரியும். அங்கே பச்சிளங்குழந்தைகளுக்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கு. வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பிள்ளை ஒரு நாள் வீட்டுக்கு வருது. "கண்டம் தாண்டியாச்சு"ன்னு நினைக்கிறோம். நான் இன்னைக்கு முக்கியமா பேச வந்தது அதுக்கு அப்புறம் நடக்கிறதைத்தான்.

ஒரு கணக்கு சொல்றேன். பொங்கல் அன்னிக்கு, ஜனவரி 15-ல் பிறக்க வேண்டிய குழந்தை, நவம்பர் 20-லேயே பிறந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். எட்டு வாரம் முன்னாடி. எடை 1,600 கிராம். இந்தக் குழந்தைக்கு மூணு தேதி முக்கியம்.

முதல் தேதி, டிசம்பர் 20. பிறந்து முப்பதாவது நாள். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் கீழே இருந்த குழந்தைக்கு அதற்குள் விழித்திரைப் பரிசோதனை முடியணும். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 1,200 கிராமுக்குக் கீழே இருந்தாலோ இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்கணும். இந்தக் குழந்தைகளுக்குக் கண்ணின் பின்பக்க ரத்தக் குழாய்கள் முழுசா வளர்ந்திருக்காது. சிலருக்கு அது தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சுன்னு இருக்கும். வீட்ல யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நேரத்தில் பார்த்தால் லேசர் சிகிச்சையில் பெரும்பாலும் காப்பாற்றலாம். சில வாரம் தள்ளினால் பார்வை போய்விடும், திரும்ப வராது.

மார்கழி மழை, பஸ் பிடிச்சு டவுனுக்குப் போகணும், ஒரு நாள் கூலி போகும், "குழந்தை நல்லாத்தானே இருக்கு" என்ற நினைப்பு. போகாம இருக்க இத்தனை காரணம் இருக்கும். ஆனால் அந்த ஒரு நாளை விட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்கும். முதல் முறை பார்த்துட்டு "மறுபடி வாங்க"ன்னு தேதி கொடுத்தால் அதையும் விடாதீங்க.

இரண்டாவது, காது. முதல் மாதத்துக்குள் கேட்கும் திறன் சோதனை. குறை தெரிந்தால் மூணு மாதத்துக்குள் உறுதி செய்யணும், ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடங்கணும். காது கேட்டால்தான் பேச்சு வரும்.

மூணாவது தேதி, பிறந்திருக்க வேண்டிய ஜனவரி 15. வளர்ச்சியை அதிலிருந்து கணக்கு பண்ணுங்க. மே 20-ல் ஊர்க் கணக்கில் குழந்தைக்கு ஆறு மாசம். வளர்ச்சிக் கணக்கில் நாலு மாசம்தான். பக்கத்து வீட்டு ஆறு மாசக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். இரண்டு வயசு வரை இப்படித்தான் பார்க்கணும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதிப்படியே.

கழிச்ச பிறகும் மூணு மாசத்தில் முகம் பார்த்துச் சிரிக்கலை, நாலு மாசம் தாண்டியும் தலை நிக்கலை, ஒன்பது மாசத்தில் உட்காரலை, ஒன்றரை வயசில் நடக்கலை, கை கால் விறைப்பா இருக்கு, ஒரே கையை மட்டும் நீட்டுதுன்னா காத்திருக்காதீங்க. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்" என்பது பதில் இல்லை. மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் இதற்கான சிகிச்சையும் பயிற்சியும் இலவசம். எப்படிப் போறதுன்னு உங்க கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடி பணியாளரோ சொல்வாங்க. பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் நல்லா வளர்ந்துடுறாங்க. சிலருக்குப் பள்ளிக்கூடம் போனபிறகு கவனத்திலும் கணக்கிலும் தடுமாற்றம் வரலாம். அப்போ அடிக்காம, ஆசிரியர்கிட்ட பிறந்த விவரத்தைச் சொல்லுங்க.

வீட்ல செய்ய வேண்டியது ரெண்டு. தாய்ப்பால் மட்டும் கொடுங்க. சர்க்கரைத் தண்ணி, கழுதைப் பால், உரை மருந்து வேண்டாம். சாம்பிராணிப் புகையும் வேண்டாம், அந்தச் சின்ன நுரையீரல் தாங்காது. அடுத்தது கங்காரு பராமரிப்பு. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும் போட்டு, வெறும் நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கிறது. கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் 1978-ல் பெட்டி பத்தாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை. இன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லுது. அம்மா குளிக்கப் போனா அப்பா கட்டிக்கலாம், அப்பத்தா கட்டிக்கலாம்.

கடைசியா ஒரு வேலை. உங்க கையில் இருக்கிற போனை எடுங்க. டிஸ்சார்ஜ் அட்டையைப் படம் பிடிச்சு வைங்க. வெளிநாட்டிலோ திருப்பூரிலோ இருக்கிற அப்பாவுக்கும் அனுப்புங்க. கண், காது, எடை, தடுப்பூசி எல்லாத் தேதிக்கும் அலாரம் வைங்க. சந்தேகம் வந்தால் 104-க்குப் பேசுங்க. மூச்சு வாங்கினால், பால் குடிக்காமல் சோர்ந்தால், உடம்பு சில்லிட்டால் உடனே 108.

உங்க தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், இன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில் எட்டிப் பாருங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கண்ணு காமிச்சாச்சா?"